இரக்கமில்லாதவன் கொடி

"சார், எங்க சிவப்புக் கொடியைக் காணோம். அது இருந்த இடத்துல ஒரு கருப்புக் கொடி இருக்கு. பூட்டு அப்படியே இருக்கு, கண்ணாடி அப்படியே இருக்கு. எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை."

சொன்னவர் மாடிப்படி ஏறி வந்த வேகத்தில் நாற்காலியில் சரிந்தார். துறைமுகத் தெருவில் 'கடற்கொள்ளையர் காட்சிக்கூடம்' என்று பெரிய பலகை தொங்குமே, அதன் சொந்தக்காரர். ஊரார் அவரைக் காப்பாளர் என்பார்கள். தொப்பை, கணீர்க் குரல், முகத்தில் பாதியைப் பிடித்துக்கொண்ட மூக்கு. எப்போதும் கூட்டத்துக்குப் பேசுகிற மாதிரியே பேசுவார். எதிரே இரண்டே பேர் இருந்தாலும் அதே சத்தம்தான்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் சர்வேயர். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கிடங்கையும் நனைந்த சரக்கையும் பார்த்து, தானாக நடந்ததா, யாராவது நடத்தினார்களா என்று சொல்வதையே உத்தியோகமாக வைத்திருந்தவர். உத்தியோகம் போன பிறகும் பட்டம் போகவில்லை. மடியில் ஒரு பழைய குடையைக் கிடத்தி, கம்பியிலிருந்து கழன்ற துணியை ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவன் அவர் மனைவியின் தம்பி. சர்வேயர் மச்சான் மச்சான் என்று கூப்பிட்டு, தெருவுக்கே அவன் மச்சானாகிவிட்டான். முதலில் குற்றவாளியைப் பிடித்துவிட்டு, குற்றம் என்ன என்று அப்புறம் விசாரிக்கிற ரகம்.

"முதல்ல கொடியைப் பத்திச் சொல்லுங்க," என்றார் சர்வேயர்.

காப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். தினமும் சொல்கிற பாடம் அல்லவா.

"அதுக்குப் பேரே இரக்கமில்லாதவன் கொடி. நடுவுல வெள்ளைத் துணியில எலும்புக்கூடு, கையில மணற்கடிகாரம். 'உன் நேரம் முடிஞ்சுது'ன்னு அர்த்தம். நிறம் சிவப்பு. கொள்ளைக்காரங்க சிவப்பு ஏத்திட்டா, நீ சரணடைஞ்சாலும் விடமாட்டேன், ஒரு உயிரையும் மிச்சம் வைக்கமாட்டேன்னு சொல்றாங்க. எங்க முன்னோர் ஒருத்தர், கல்யாணம்கூட ஆகாத இளவட்டம், முதல் தடவையா சரக்கு ஏத்திக்கிட்டுக் கடலுக்குப் போறார். எதிர்ல வந்த கப்பல் நட்பு நாட்டுக் கொடியைக் காட்டிக்கிட்டே நெருங்குது. கிட்ட வந்ததும் அதை இறக்கிட்டு, இதை ஏத்தறான் அந்தப் பாவி. எங்க ஆள் மண்டியிடுவாரா? வாளை உருவினார்! கப்பல்ல ஒருத்தர் விடாம வெட்டிச் சாய்ச்சுட்டாங்க. கடைசி மூச்சுல அவர் அந்தக் கொடியைப் பிடுங்கி மார்போட அணைச்சுக்கிட்டார். அப்படியே கரை ஒதுங்கினார்."

மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவருக்கு நான் நேர் வாரிசு," என்று காப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கூடத்துல அவர் படம் இருக்கு. வந்து பாருங்க, இதே மூக்கு."

சர்வேயர் ஊசியை நிறுத்தி அந்த மூக்கைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மீண்டும் தைக்க ஆரம்பித்தார்.

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்லை சார். என் மருமகள். பழைய துணிகளைக் கெடாம பாதுகாக்கிறதுக்குன்னே படிச்சவ. கொடியைப் புதுச் சட்டத்துல மாத்தினதும் அவதான். கண்ணாடி அலமாரிச் சாவி அவகிட்ட மட்டும்தான். காலையில போய்ப் பார்த்தா இந்தக் கோலம். கேட்டா, 'எதுவும் திருடு போகலை மாமா'ன்னு அதையே சொல்றா. வேற ஒரு வார்த்தை வரலை. என் பையன் பேந்தப் பேந்த முழிக்கிறான். சாயங்காலம் புது மண்டபத் திறப்பு விழா. அதுக்குள்ள கொடி வரலைன்னா பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்புன்னு சொல்லிட்டேன்."

"போலீஸுக்குப் போகலையா?"

"வீட்டு மானம் போயிடாதா?"

"மருமகளை வெளியில அனுப்பினா?"

சர்வேயர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்தார்.

தெருவில் வெயில் மண்டையைப் பிளந்தது. குடை பிடிக்கிற வேலை மச்சானுக்கு வந்து சேர்ந்தது. "கருப்புக் குடைன்னு அக்கா வாங்கிக் கொடுத்தது. இப்ப பாருங்க, நரித்தோல் மாதிரி இருக்கு. இதைப் பிடிச்சுக்கிட்டுத் துப்பறியப் போனா எவன் மதிப்பான்?" என்று வழியெல்லாம் முணுமுணுத்தான்.

காட்சிக்கூடம் கீழ்த்தளத்தில் இருந்தது, குடும்பம் மாடியில். வாசலுக்குள் நுழைந்ததும் மாடிப்படியின் அடியில் ஒரு நீல நிறப் பெட்டி நின்றது. புதுப் பெட்டி. கல்யாணத்துக்கு வாங்கியதாக இருக்க வேண்டும். அதைப் பார்த்ததும் சர்வேயருக்கு மனசு கனத்தது. எரிந்துபோன கிடங்குகளைப் பார்க்கும்போதுகூட அவருக்கு இப்படி ஆனதில்லை.

அனுமதிச் சீட்டு கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் காப்பாளரின் மனைவி உட்கார்ந்திருந்தார். குள்ளமான உருவம். சீட்டு நீட்டுகிற பலகை அவர் நெற்றிக்கு நேராக இருந்ததால், கண்ணும் முன்மயிரும்தான் தெரிந்தன.

"இவதான் சார் என் சம்சாரம். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கே, அந்தக் கொள்ளைக்காரன் ஊர், அங்கதான் பொறந்தா. இரக்கமில்லாதவன் வம்சம்!" காப்பாளர் வாய்விட்டுச் சிரித்தார். "வர்ற ஜனங்ககிட்ட இதைச் சொன்னா ரொம்ப ரசிப்பாங்க. சாப்பாட்டுல உப்பு கூடிட்டாக்கூட நான் கேப்பேன், ரத்தத்துலயே இரக்கம் இல்லையான்னு."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. சர்வேயரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"பெட்டி இன்னும் அங்கேயேதான் இருக்குங்களா?"

"இருக்கும்மா."

"சரி," என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணும் மறைந்து முன்மயிர் மட்டும் மிஞ்சியது.

புது மண்டபத்தில் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. நடுவில் ஆளுயரக் கண்ணாடி அலமாரி. அதற்குள் இரண்டு கொக்கிகளில் ஜன்னல் கதவு அளவுள்ள லேசான மரச்சட்டம் தொங்கியது. இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் கண்ணாடி போட்ட சட்டம். அதற்குள்ளே, நல்ல கருப்புத் துணியில் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு எலும்புக்கூடு. அலமாரிக்குப் பக்கத்தில் உயரமான முக்காலி ஒன்று, மேலே தைத்த மெத்தையோடு கிடந்தது.

"போலி!" என்றான் மச்சான், பார்த்த மாத்திரத்தில்.

"போலி செஞ்சவனுக்கு அதுகூட ஒழுங்காத் தெரியலை," என்றார் காப்பாளர். "எங்க கொடியில மணற்கடிகாரம் நமக்கு இடது பக்கம் இருக்கும். இதுல பாருங்க, வலது பக்கம்."

சர்வேயர் அலமாரியைச் சுற்றி வந்தார். பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்ததால் முன்பக்கம் மட்டும்தான் பார்க்க முடிந்தது. எலும்புக்கூட்டின் முழங்காலருகே பூச்சி அரித்த மூன்று ஓட்டைகள், முக்கோணமாக. ஒரு ஓரத்தில் கயிறு கோக்கிற உறை. எதிர் ஓரம் காற்றில் அடிபட்டு நார் நாராகக் கிழிந்திருந்தது. சுவரில் காப்பாளரின் தாத்தா காலத்துப் புகைப்படம் ஒன்று மாட்டியிருந்தது. அதிலும் கொடி இருந்தது. முழங்காலருகே அதே மூன்று ஓட்டைகள்.

"இந்தப் போட்டோவுல கொடி கருப்பா இருக்கே," என்றார் சர்வேயர்.

"அது கருப்பு வெள்ளைப் போட்டோ சார்! அதுல என் தாத்தாவோட பச்சைச் சட்டைகூடக் கருப்பாத்தான் இருக்கும்."

"நியாயம். அப்ப இதை நான் சாட்சியா எடுத்துக்கலை. பழைய கூடத்துல கொடி எப்படி இருந்துச்சு?"

"மேற்கு ஜன்னலுக்கு எதிர்ல, பலகையில வெச்சு ஆணி அடிச்சிருந்தது. என் தாத்தா அடிச்ச ஆணி. சிவப்பு எடுப்பாத் தெரியணும்னு நான்தான் பெட்டிக்குள்ள ஒரு சிவப்பு பல்பு போட்டேன்."

மண்டபத்தை ஒட்டிக் காப்பாளரின் மகன் நடத்துகிற கடை இருந்தது. உள்ளே போனால் கண் கூசும். சிவப்புப் பனியன், சிவப்புக் கோப்பை, சிவப்புக் கைக்குட்டை, எல்லாவற்றிலும் எலும்புக்கூடு. நடுவில் அந்த இளைஞன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"எனக்கு ஒண்ணுமே புரியலை சார். அவ அப்படிச் செய்யமாட்டா. ஆனா வேற யாரு செஞ்சிருக்க முடியும்? செய்யமாட்டேன்னு சத்தியம் பண்ணினாளே..."

"எதைச் செய்யமாட்டேன்னு?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஒண்ணுமில்லை சார்," என்று ஒரு கைக்குட்டையை எடுத்து நீட்டினான். "இதை வெச்சுக்குங்க. இலவசம்."

வெளியே வந்ததும் மச்சான் அத்தானின் முழங்கையைப் பிடித்து இழுத்தான். "பையன்தான் அத்தான்! நாக்கைக் கடிச்சான், பாத்தீங்களா? இல்லை, இருங்க. பையனுக்குச் சிவப்பு வித்தாத்தானே பிழைப்பு? அவன் ஏன் கருப்பை வெப்பான்? அப்ப மருமகள். ஆனா அவ திருடினா தன் சாவியாலயே திறப்பாளா? திருடறவன் அதே மாதிரி ஒண்ணை வெச்சுட்டுப் போவான், சரி. நிறத்தை மாத்தி வெச்சு 'நான் திருடிட்டேன்'னு தம்பட்டம் அடிப்பானா? அத்தான், எனக்குத் தலை சுத்துது."

"சுத்தட்டும். கடைசியா ஒரு நல்ல கேள்வி கேட்டே பாரு, அதை மட்டும் விட்டுடாதே."

எந்தக் கேள்வி என்று மச்சானுக்குத் தெரியவில்லை. கேட்கவும் வெட்கமாக இருந்தது.

மருமகள் வேலையறையில் இருந்தாள். மேசை துடைத்து வைத்தது போல் சுத்தம். இருந்த துணிகளையெல்லாம் மடித்து, வெள்ளைத் தாள் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். கையில் வெள்ளைப் பருத்தி உறை. கிளம்பப் போகிறவள் வேலையை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுப் போக நினைக்கிறாள் என்று தெரிந்தது. காப்பாளர் வாசற்படியிலேயே முறைத்துக்கொண்டு நின்றார்.

"உன்னைத் திருடின்னு கூப்பிட வரலைம்மா," என்றார் சர்வேயர். "எனக்குக் கொடியைப் பத்தித் தெரியணும். கருப்புக்கும் சிவப்புக்கும் என்ன வித்தியாசம்?"

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "கருப்புன்னா, இப்பவே அடங்கினா உயிர் உண்டுன்னு அர்த்தம். அதையும் மீறிச் சண்டை போட்டாத்தான் சிவப்பு. சிவப்பு ஏறிட்டா அப்புறம் பேச்சே கிடையாது. எல்லாக் கப்பல்லயும் இப்படித்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாது சார். ஆனா பொதுவா இப்படித்தான் சொல்றாங்க. பார்த்தா பயமா இருக்கும், ஆனா சண்டையைத் தவிர்க்கத்தான் கொடி. எதிராளி பயந்து கப்பல் பாயை இறக்கிட்டா ரெண்டு பக்கமும் ஆள் சாகாது, சரக்கும் கெடாது."

"உங்க கொடி மாதிரி வேற கொடி இருக்கா?"

"நிஜக் கொடி மிஞ்சினதே அபூர்வம். புத்தகத்துல இன்னாரோட கொடின்னு போடறாங்களே, அதுல பாதி ரொம்பப் பிற்பாடு யாரோ வரைஞ்சது. கொள்ளைக்காரங்க என்ன ஆர்டர் கொடுத்தா தைச்சாங்க? கப்பல்ல கிடைச்ச துணியை வெட்டி, தெரிஞ்சவன் தைச்சான். இதுல எலும்புக்கூட்டை வெச்சுத் தைச்சுட்டு, பின்னால இருக்கிற துணியை வெட்டி எடுத்திருக்காங்க. ரெண்டு பக்கமும் தெரியணும்னு."

"ரெண்டு பக்கமும்," என்று சர்வேயர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "திருடு போகலைன்னு நீ சொல்றது நிஜம்தானே?"

"நிஜம்."

"செஞ்சது யாருன்னு தெரியுமா?"

அவள் காகித மடிப்பை விரலால் நீவினாள். "தெரியாது," என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத குரல் அது.

"சாவியைக் கொஞ்சம் காட்டு."

சாவி மேசை மேல் இருந்தது. சர்வேயர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வளையத்தின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மச்சானின் உள்ளங்கையில் போட்டார்.

"சுண்ணாம்பு!" என்றான் மச்சான்.

"நசுக்கிப் பார்."

"மாவு."

"இதை எங்க மாட்டி வைப்பேம்மா?"

அவள் வாசற்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "மேல. அடுப்படியில, ஆணியில."

"அடுப்படியிலயா?" என்று வாசலில் இருந்து காப்பாளர் வெடித்தார். "என் அலமாரிச் சாவி அடுப்படியிலயா தொங்குது?" இத்தனை வருடத்தில் தன் வீட்டு அடுப்படிக்குள் கால் வைக்காத மனிதருக்கு அங்கே என்ன தொங்குகிறது என்று எப்படித் தெரியும்?

சர்வேயர் சாவியை வைத்தார். "எல்லாரையும் மண்டபத்துக்குக் கூப்பிடுங்க. ஜனங்க வர்றதுக்குள்ள முடிச்சுடலாம்."

எல்லோரும் வந்து நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மகன் மனைவியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான், மருமகள் மாமியாரைப் பார்க்காமல் அலமாரியைப் பார்த்தாள். மாமியார் மட்டும் திறந்த கதவு வழியே மாடிப்படியடியில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பாளர் சுவரில் தொங்கிய முன்னோரின் படத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். படத்தில் இருந்தவருக்கும் முகத்தில் பாதி மூக்குதான்.

"முதல்ல மச்சான் கேட்ட கேள்வி," என்று ஆரம்பித்தார் சர்வேயர். மச்சான் தலையைச் சிலுப்பிக்கொண்டான். "ஒரு திருடன் சிவப்பை எடுத்துட்டுக் கருப்பை ஏன் வைக்கணும்? பூச்சி அரிச்ச ஓட்டையைக்கூட அச்சு அசலாப் போடத் தெரிஞ்சவன், நிறத்துல கோட்டை விடுவானா? மணற்கடிகாரத்தைப் பக்கம் மாத்தி வைப்பானா?"

அவர் சிவப்புக் கைக்குட்டையை எடுத்து விரித்தார். "இதுல மணற்கடிகாரம் எந்தப் பக்கம்?"

"இடது," என்றான் மகன்.

சர்வேயர் அதைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். மெல்லிய துணியில் எலும்புக்கூடு பின்பக்கமாகத் தெரிந்தது.

"இப்ப?"

"வலது..." என்று மகன் சொல்லி முடிப்பதற்குள் மச்சான் குதித்துவிட்டான். "திருப்பி வெச்சிருக்காங்க! அதே கொடி! பின்பக்கம்!"

"அதே கொடிதான். போட்டோவோட ஒப்பிட்டுப் பாருங்க, கயிறு கோக்கிற உறையும் இடம் மாறியிருக்கு, கிழிஞ்ச ஓரமும் மாறியிருக்கு. திருப்பிப் போட்டா எல்லாம் மாறத்தான் செய்யும்."

"அப்ப நிறம்?" காப்பாளரின் குரல் கீறியது. "துணியைத் திருப்பினா சிவப்பு கருப்பாயிடுமா? என்னை என்ன பைத்தியக்காரன்னு நினைச்சீங்களா?"

"மச்சான், குடையைக் கொடு."

மச்சான் கூச்சத்தோடு குடையை நீட்டினான். சர்வேயர் அதை விரித்தார். வெளிப்பக்கம் வெயிலில் வெந்து செம்பழுப்பாகியிருந்தது. ஒரு மடிப்பைப் பிரித்துக் காட்டினார். உள்ளே கன்னங்கரேல் என்று இருந்தது.

"எல்லாக் கருப்பும் இப்படி ஆகாது. ஆனா சில சாயம் வெயில் பட்டுப் பட்டுச் செம்பட்டையாகும். உங்க கொடி உங்க தாத்தா காலத்துல இருந்து மேற்கு ஜன்னலுக்கு எதிர்ல இருந்திருக்கு. முன்பக்கம் வெளுத்துச்சு. பின்பக்கம் பலகையோட ஒட்டிக்கிட்டு இருந்ததால பொறந்த நிறத்துலயே இருக்கு. போதாததுக்கு நீங்க சிவப்பு பல்பு வேற போட்டீங்க. பலகையைக் கழட்டி, பின்பக்கத்தை முதல் முதலாப் பார்த்தது யாரு?"

"நான்," என்றாள் மருமகள். இனி மறைக்க ஒன்றுமில்லை. "தையல் மடிப்புக்குள்ள முன்பக்கத் துணியும் கருப்பாத்தான் இருக்கு, மாமா. இது சிவப்புக் கொடியே இல்லை."

மகன் முன்னால் வந்தான். "என்கிட்ட நேத்து சொன்னா அப்பா. விழா முடியிற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். கடை பூராச் சிவப்பா அடிச்சு வெச்சிருக்கேனே! காலையில பார்த்ததும் இவதான் சத்தியத்தை மீறித் திருப்பிட்டான்னு நினைச்சேன். அதான் வாயைத் திறக்கலை." அவன் மனைவி பக்கம் திரும்பினான். "உன்னை விட்டுக்கொடுத்துட்டேன்."

"எங்கேயோ நட்புக் கொடியைக் காட்டிக்கிட்டு வந்த கப்பலைப் பத்திப் பேசறீங்களே," என்றார் சர்வேயர், "இந்த வீட்டுல ஆளுக்கொரு பொய்க் கொடி பறக்குது. சரி, திருப்பினது யாரு? மாவு பிசைஞ்ச கையோட அடுப்படி ஆணியில இருந்து சாவி எடுத்தவங்க. கையுறை போடாம ஒரு நூலைக்கூடத் தொடாத பொண்ணு அப்படி எடுக்கமாட்டா. கொக்கி எட்டாம, சீட்டு ஜன்னல்ல தான் உக்காருற முக்காலியைக் கொண்டுவந்து போட்டு ஏறினவங்க. அப்புறம் சத்தம் கேட்டு, முக்காலியை இங்கேயே விட்டுட்டு, தாழ்வான நாற்காலியில போய் உக்காந்தவங்க. பேரை நான் சொல்லலை. அவங்களே சொல்வாங்க."

மாமியார் பெட்டியிலிருந்து கண்ணை எடுத்தார்.

"நான்தான். நேத்து இதுங்க ரெண்டும் பேசினது காதுல விழுந்துச்சு. கருப்புன்னா இரக்கம் உண்டுன்னு இவ சொன்னா. ராத்திரி முழுக்கத் தூக்கம் வரலை. காலையில மாவைப் பாதியில விட்டுட்டு வந்து திருப்பி மாட்டினேன். அவ்வளவுதான்."

"எதுக்குடி?" என்றார் காப்பாளர். கோபத்தை விடக் குழப்பமே அந்தக் குரலில் அதிகம்.

"எதுக்கா? கல்யாணமான நாள்ல இருந்து, வர்ற போறவங்க முன்னாடியெல்லாம் என்னைக் காட்டி என்ன சொன்னீங்க? நான் சீட்டுக் கிழிச்சுக் கொடுக்கணும், அவங்க என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போகணும். நீங்க வந்து பார்ப்பீங்க, 'அட, நம்ம கொடிக்குப் பின்பக்கம் கருப்பா'ன்னு கேப்பீங்கன்னு நினைச்சேன். தினம் பார்க்கிற கொடியை உங்களுக்கே அடையாளம் தெரியாம போகும்னு நான் கண்டேனா? இவளைத் திட்ட ஆரம்பிச்சதும் சொல்ல வாயெடுத்தேன். 'நீ பேசாதே, உன் ரத்தத்துக்குத் திருட்டு புதுசா'ன்னீங்க. அதுக்கப்புறம் எனக்கு நாக்கு எழும்பலை. இந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சு அழுத்தினா. சொல்லாதீங்க அத்தைன்னு அர்த்தம்."

மருமகள் மெல்லச் சொன்னாள்: "அத்தை செஞ்சாங்கன்னு தெரிஞ்சா, அந்த ஒரு பேச்சை நீங்க காலம் பூரா பேசுவீங்க மாமா. நான் போனா எனக்கு வேற இடத்துல வேலை கிடைக்கும். அத்தை எங்க போவாங்க?"

காப்பாளர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நிற்பதற்கு ஒரு இடம் தேடுகிறவர் போல் இருந்தது. கடைசியில் படத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"கருப்பாவே இருக்கட்டும்! அதனால என்ன? எங்க ஆள் அடங்கலை. வீரமாச் செத்தார். கப்பல்ல ஒருத்தர் மிஞ்சலை."

"ஒருத்தர் மிஞ்சலைன்னா, இந்தக் கதையைக் கரைக்கு வந்து சொன்னது யாரு சார்?"

காப்பாளர் படத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னொண்ணு. அவர் கடலுக்குப் போறப்ப கல்யாணம் ஆகலைன்னு நீங்கதான் சொன்னீங்க. அந்தப் பயணத்துலயே செத்துட்டார்னும் நீங்கதான் சொன்னீங்க. அவருக்கு நேர் வாரிசுன்னும் நீங்கதான் சொன்னீங்க."

காப்பாளரின் கை தானாக மூக்குக்குப் போனது. மச்சான் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கத் தோன்றவில்லை.

"கருப்புக் கொடி ஏறியிருக்கு, உங்க ஆள் அடங்கியிருக்கார். அவங்களும் கொடியில சொன்ன வாக்கைக் காப்பாத்தியிருக்காங்க. அந்த இரக்கத்துல மிஞ்சின உயிர்தான் திரும்பி வந்து, கல்யாணம் பண்ணி, புள்ளை பெத்து... அந்த வழியிலதான் நீங்க இங்க நிக்கிறீங்க. நீங்க இன்னைக்குக் காலையில இந்தப் பொண்ணுக்கு ஏத்தினீங்களே, அதுதான் சிவப்பு. இந்த மண்டபத்துல நான் பார்த்த சிவப்பு அது ஒண்ணுதான்."

காப்பாளர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய குரல் எங்கே போயிற்றோ.

"அப்ப கொடி எங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார், குழந்தை கேட்பது போல.

"அது எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை," என்றார் சர்வேயர்.

"எங்க ஊர்ல ஒரு கதை உண்டு," என்றார் மாமியார். "கேக்கறதுக்குத்தான் இந்த வீட்டுல ஆள் இல்லை."

வாசலில் ஜனங்களின் சத்தம் கேட்டது. விழாவுக்கு வந்தவர்கள். மகன் கதவைத் திறக்க ஓடினான். மருமகள் என்ன செய்வது என்று தெரியாமல் மாடிப்படியைப் பார்த்தாள். காப்பாளர் எழுந்தார். நேரே படியடிக்குப் போய், நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடி ஏறினார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. பெட்டி கனமாகத்தான் இருந்திருக்கும். வழியில் ஓரிடத்தில்கூட அவர் அதைக் கீழே வைக்கவில்லை.

இறங்கி வந்தபோது மண்டபம் நிறைந்திருந்தது. அவர் வழக்கமான இடத்தில் நின்று குச்சியைத் தூக்கினார்.

"இந்தச் சிவப்பு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். கூட்டம் கருப்புக் கொடியைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. ஒன்றும் புரியாமல் யாரோ இருமினார்கள். அவர் கண் கூட்டத்தைத் துழாவிச் சீட்டு ஜன்னலில் போய் நின்றது.

"இவங்க சொல்வாங்க," என்றார்.

'இவ' என்று மட்டுமே அழைக்கப்பட்டுப் பழகிய அந்த அம்மாள், யாரைச் சொல்கிறார் என்று முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தார். மருமகள்தான் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து விட்டாள்.

"இது எங்க ஊர்க் கொடி," என்றார் அவர். "கருப்புக் கொடி. சண்டை போடாம அடங்கினா உயிர் உண்டுன்னு சொல்ற கொடி. ஒரு சரக்குக் கப்பல் அடங்குச்சு. அதுல ஒரு சின்னப் பையனுக்கு நல்ல காய்ச்சல். எங்க ஊர்க் கரையில இறக்கி வெச்சுப் பார்த்துக்கிட்டாங்க. ஊருக்குத் திருப்பி அனுப்பறப்பவும் குளிர்ல வெடவெடன்னு நடுங்கினானாம். போர்த்திக்க வேற துணி இல்லாம, கொடியைக் கழட்டிப் போர்த்திவிட்டாங்க. உண்மையோ பொய்யோ, எங்க ஊர்ல இப்படித்தான் சொல்வாங்க."

முன்வரிசையில் நின்ற ஒரு பெண்மணி கேட்டாள்: "அந்தப் பையன் பிழைச்சானா?"

"பிழைச்சான்," என்றார் அவர். வெகுநாளாக அந்த வீட்டில் யாரும் பார்த்திராத சிரிப்பு ஒன்று அவர் முகத்தில் வந்தது. கணவர் பக்கம் கையை நீட்டினார். "அதோ, அந்த மூக்கைப் பாருங்க."